மயிரிழை பிசகினால் கதவு திறக்காது!

இரவு மணி 11.

சிதம்பரத்தில் கல்யாணம். விருந்து முடிந்து, பஸ் பிடித்து, ஒரு குடும்பம் கடலூருக்கு வந்து இறங்குகிறது. வீடு திருப்பாதிரிப்புலியூரில். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். சின்னவன் அம்மாவின் தோளில் தூங்கிவிட்டான்.

அப்பா சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுக்கிறார். அது அசல் சாவி அல்ல. முந்தின நாள் கடையில் போட்டு வாங்கிய புதுச் சாவி. பளபள என்று இருக்கிறது. அசல் சாவி எங்கே? வீட்டுக்குள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது!

கதவில் தொங்குவது அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. பூட்டும்போது சாவி தேவைப்படவில்லை. திறக்கத்தான் தேவை.

சாவி உள்ளே போகிறது. ஆனால் திரும்பவில்லை. அப்பா கொஞ்சம் அழுத்துகிறார். "மெள்ளத் திருப்புடா" என்கிறார் பாட்டி. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார்.

'டக்' என்று ஒரு சத்தம்!

பாதிச் சாவி கையில். பாதிச் சாவி பூட்டுக்குள்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரலாம். பூட்டு நல்ல பூட்டு. சாவிக்கு வாங்கிய தகடும் நல்ல தகடு. சாவி வெட்டிய இயந்திரமும் ஓடுகிற இயந்திரம்தான். அப்படியானால் தப்பு எங்கே?

தப்பு ஒரு மயிரிழையில் இருக்கிறது. அந்த மயிரிழையைக் காப்பாற்றுவது எது? இயந்திரத்தோடு பொருத்தும் சில சின்னஞ்சிறு துணைக் கருவிகள். அவற்றைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரிந்தால் போதாது. சாவி போடக் கொடுப்பவருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

வீட்டுக் கதவிலும் மேசை டிராயரிலும் தொங்கும் பூட்டுகளில் பலவற்றுக்கு உள்ளே ஒரு சின்ன உருளை இருக்கிறது. அந்த உருளை திரும்பினால் பூட்டு திறக்கும். உருளை திரும்பாதபடி சில குண்டூசி போன்ற கம்பிகள் மேலிருந்து கீழே இறங்கி வழி மறிக்கின்றன. பெரும்பாலும் 5 அல்லது 6 கம்பிகள் இருக்கும்.

ஒவ்வொரு கம்பியும் இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சுருள் வில். சாவியின் பற்கள் உள்ளே போனதும் கம்பிகளை மேலே தள்ளுகின்றன. இரண்டு துண்டும் சேரும் இடம், உருளையின் விளிம்போடு சரியாக ஒரே கோட்டில் வர வேண்டும். எல்லாக் கம்பிகளும் வர வேண்டும். ஒன்று வராவிட்டாலும் உருளை அசையாது.

பல் அதிகம் உயர்ந்திருந்தால் கம்பி கூடுதலாக ஏறிவிடும். பல் தாழ்ந்திருந்தால் கம்பி குறைவாக ஏறும். இரண்டுமே தப்பு.

இந்த யுக்தி புதிதல்ல. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து நாட்டில் மரத்தால் ஆன பூட்டில் மரக் குச்சிகளை இப்படி வைத்திருந்தார்கள். அதையே உலோகத்தில், கைக்கு அடக்கமாகச் செய்து காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் ஏல். 1861-ம் ஆண்டிலும் 1865-ம் ஆண்டிலும் அவர் காப்புரிமை பெற்றார். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் தட்டைச் சாவிக்கு அவரே முன்னோடி.

ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் ஆழத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? பெயர் பெற்ற ஓர் அமெரிக்கப் பூட்டு வகையில், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தூரம் 0.38 மில்லி மீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 0.05 முதல் 0.1 மில்லி மீட்டர் வரை இருக்கும். அதாவது நாலைந்து முடிகளை அடுக்கினால் ஒரு படி முழுவதும் மாறிவிடும்! அதற்குள் பாதி தூரம் பிசகினாலே சாவி முரண்டு பிடிக்கும்.

'மயிரிழையில் தப்பினான்' என்கிறோம். பூட்டு விஷயத்தில் அது பேச்சுக்குச் சொல்வதல்ல. உண்மையான கணக்கு!

அரமும் கண்ணும்

இயந்திரம் வருவதற்கு முன் சாவி போட்டவர்கள் யார்? கையில் அரமும், கண்ணில் கூர்மையும் உள்ள தொழிலாளிகள்தான்.

அசல் சாவியையும் வெற்றுத் தகட்டையும் சேர்த்து இடுக்கியில் இறுக்குவார்கள். அசலைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவுவார்கள். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, இடையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். மறுபடி ராவுவார்கள். இன்றும் சாலையோரத்தில் குடை விரித்து, சாவிக் கொத்துகளைத் தோரணமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர்களிடம் இந்தக் கைவித்தையைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் நினைவுக்கு வரும் ஊர் திண்டுக்கல். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே கையாலேயே பூட்டு செய்கிறார்கள். மாங்காய்ப் பூட்டு என்றால் நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் இருப்பவை கம்பிகள் அல்ல. லீவர் என்னும் தகடுகள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் ராவிச் செய்வதால் ஒரு பூட்டின் தகடுகள்போல் இன்னொரு பூட்டின் தகடுகள் அமைவதில்லை. அதன் சாவியும் அப்படியே. அந்தச் சாவியைச் சாதாரண இயந்திரத்தில் அப்படியே வைத்து வெட்டிவிட முடியாது. மெல்லிய கட்டரும், அதற்கென்று தனிப் பிடியும் வேண்டும். இல்லையென்றால் மறுபடி அரம்தான்!

இரண்டு பிடி, ஒரு பயணம்

இப்போது சாவி வெட்டும் இயந்திரத்தைப் பார்ப்போம். மேசை மேல் வைக்கும் அளவுதான். பெரிய தையல் இயந்திரத்தின் தலை அளவு இருக்கும்.

அதில் இரண்டு பிடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் அசல் சாவி. மற்றொன்றில் பல் இல்லாத வெற்றுச் சாவி. இதைக் கடைக்காரர்கள் 'பிளாங்க்' என்கிறார்கள். இரண்டு பிடிகளும் ஒரே வண்டியில் பொருத்தப்பட்டவை. ஒன்று நகர்ந்தால் மற்றொன்றும் அதே அளவு நகரும்.

அசல் சாவிக்கு எதிரே அசையாத ஒரு முனை நிற்கிறது. அதன் பெயர் கைடு. வழிகாட்டி என்று சொல்லலாம். வெற்றுச் சாவிக்கு எதிரே சுழலும் பற்சக்கரம் இருக்கிறது. அதன் பெயர் கட்டர்.

வண்டியை நகர்த்தும்போது அசல் சாவியின் மேடு பள்ளங்கள் வழிகாட்டியின் மேல் ஏறி இறங்குகின்றன. அதே நேரத்தில், அதே அளவில், வெற்றுச் சாவி கட்டரில் உரசுகிறது. அசலில் பள்ளம் உள்ள இடத்தில் நகலிலும் பள்ளம். அசலில் மேடு உள்ள இடத்தில் நகலிலும் மேடு.

பள்ளிக்கூடத்தில் 'காப்பி' எழுதும் பிள்ளை மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியை எழுதுவதுபோல! மேல் வரியில் கண் இருக்க வேண்டும். கை அதே கோட்டில் போக வேண்டும். காகிதம் நகரக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினால் எழுத்து கோணல்.

சாவி கோணலாகாமல் பார்த்துக்கொள்வதுதான் துணைக் கருவிகளின் வேலை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: வழிகாட்டி

வழிகாட்டி முனையும் கட்டரின் விளிம்பும் ஒரே வடிவத்தில், ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். கட்டர் மெல்லியது, வழிகாட்டி தடித்தது என்றால், அசலில் உள்ள குறுகிய பள்ளத்துக்குள் வழிகாட்டி இறங்காது. நகலில் அந்தப் பள்ளம் அரைகுறையாகவே விழும். ஆகவே கட்டரை மாற்றினால் வழிகாட்டியையும் அதற்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். இரண்டும் மாப்பிள்ளை பெண் மாதிரி. ஜோடி பொருந்த வேண்டும்!

இன்னொரு சங்கதி. வழிகாட்டி நாளடைவில் தேயும். தேய்ந்தால் சாவி கூடுதலாக உள்ளே நகரும். பள்ளம் ஆழமாகிவிடும். கட்டரைச் சாணை பிடித்தால் அதன் சுற்றளவு குறையும். அப்போது பள்ளம் ஆழம் போதாமல் போகும். இதைச் சரி செய்யத்தான் வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு திருகாணி வைத்திருக்கிறார்கள். அதைத் திருகி, முனையை முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

இரண்டாவது: தோள் காட்டி

சாவியின் தலைக்குக் கீழே சிறிய படி ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குத் தோள் என்று பெயர். பூட்டுக்குள் சாவி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை நிறுத்துவது அந்தத் தோள்தான். பல வகைச் சாவிகளில் முதல் பல் எங்கே என்பது தோளிலிருந்துதான் கணக்கு.

அசல் சாவியின் தோளும் வெற்றுச் சாவியின் தோளும் பிடியில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்து வைத்தால் பிசகும். அதற்காக இரண்டு விரல் நீட்டியதுபோல ஓர் இரும்புக் காட்டி இயந்திரத்தில் இருக்கிறது. அதை மடக்கி இறக்கினால், ஒரு விரல் அசலின் தோளைத் தொடும். மறு விரல் நகலின் தோளைத் தொடும். இரண்டும் தொட்ட பிறகே பிடியை இறுக்க வேண்டும். பிறகு காட்டியைத் தூக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.

அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பற்களின் ஆழம் சரியாக இருக்கும். ஆனால் எல்லாப் பற்களும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். பூட்டில் போட்டால் திரும்பாது.

சில சாவிகளுக்குத் தோளே இருக்காது. அவற்றுக்கு நுனிதான் கணக்கு. நுனியைத் தடுத்து நிறுத்தும் சிறு தகடு ஒன்றைப் பிடியில் செருகி, இரண்டு சாவிகளின் நுனியையும் அதில் முட்ட வைத்து இறுக்க வேண்டும்.

மூன்றாவது: தாடையும் கம்பியும்

சாவியைக் கவ்விப் பிடிக்கும் பகுதி தாடை. நல்ல இயந்திரத்தில் தாடையைத் திருப்பி வைக்கலாம். ஒரு பக்கம் அகலச் சாவிக்கு. மறு பக்கம் ஒல்லிச் சாவிக்கு.

மெலிந்த சாவி தாடைக்குள் அமுங்கிவிடும். பல் வெளியே போதுமான அளவு தெரியாது. அதற்காக மெல்லிய எஃகுக் கம்பிகளை ஜோடியாகக் கொடுக்கிறார்கள். சாவியின் முதுகுக்குப் பின்னால் கம்பியை வைத்தால் சாவி முன்னால் தள்ளி நிற்கும். இரண்டு பிடியிலும் ஒரே தடிமன் உள்ள கம்பி வைக்க வேண்டும். ஒன்றில் வைத்து ஒன்றில் மறந்தால், அந்தச் சாவி குப்பைக்குத்தான்.

இரு பக்கமும் பல் உள்ள சாவியை வெட்டுவதற்கும் இந்தக் கம்பி உதவும். ஒரு பக்கம் வெட்டித் திருப்பியதும் முதுகு மேடு பள்ளமாகிவிடும். தாடையில் சமமாக உட்காராது. அப்போது சாவியின் நீளப் பள்ளத்தில் கம்பியை வைத்து, அந்தப் பள்ளத்தைக் கொண்டே இறுக்குவார்கள்.

நான்காவது: தூரிகை

வெட்டிய சாவியில் பித்தளைப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். விரலில் கீறும். பூட்டுக்குள் உதிர்ந்தால் கம்பிகள் சிக்கிக்கொள்ளும். அதை அகற்றச் சுழலும் தூரிகை ஒன்று இயந்திரத்தின் ஓரத்தில் இருக்கிறது. சாவியை அதில் லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். 'பளபள என்று இருக்கட்டும்' என்று வெகு நேரம் அழுத்தினால் பல்லின் முனையே மழுங்கிவிடும். வெட்டும்போது சம்பாதித்த துல்லியத்தைத் தேய்த்து அழித்த கதை ஆகிவிடும்.

இன்னொரு சின்னத் தூரிகையும் வேண்டும். அது கையால் பெருக்குவதற்கு. தாடைக்குள் ஒரு பித்தளைத் துகள் கிடந்தால் போதும். சாவி அதன் மேல் உட்கார்ந்து முன்னே தள்ளி நிற்கும். வெற்றுச் சாவிக்குப் பின்னால் துகள் இருந்தால் பள்ளம் ஆழமாகும். அசலுக்குப் பின்னால் இருந்தால் பள்ளம் ஆழம் குறையும். ஆகவே ஒவ்வொரு சாவிக்கும் முன்பு தாடையைத் துடைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷப் பொறுமைதான்.

இயந்திரம் உண்மை பேசுகிறதா?

இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு.

ஒரே மாதிரியான இரண்டு வெற்றுச் சாவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பிடியிலும் ஒவ்வொன்றை வைத்து இறுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வண்டியை முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரு சாவி வழிகாட்டியில் தொடும்போது, மறு சாவி கட்டரைப் பட்டும் படாமலும் தொட வேண்டும். கட்டரைக் கையால் சுழற்றிப் பார்த்தால் தெரியும். கட்டர் சாவியைத் தடவிக்கொண்டு போனால் சரி. இறுகி நின்றால் வழிகாட்டி பின்தங்கி இருக்கிறது. தொடாமலே சுழன்றால் வழிகாட்டி முன்னே துருத்தி இருக்கிறது. திருகாணியைத் திருகிச் சரி செய்ய வேண்டும்.

தராசுக்கடைக்காரர் காலையில் இரு தட்டையும் வெறுமையாகத் தூக்கிப் பார்க்கிறார் அல்லவா? அதே மாதிரிதான் இதுவும். தராசு பொய் சொன்னால் நஷ்டம் காசில். இயந்திரம் பொய் சொன்னால் நஷ்டம் நடு ராத்திரியில்!

லண்டனில் நடந்த கதை

நல்ல பிடி இல்லாமல் நல்ல சாவி இல்லை என்பதை உலகம் கண்டுகொண்டது ஒரு பூட்டுக் கடையில்தான்.

லண்டன் நகரில் ஜோசப் பிராமா என்பவர் 1784-ம் ஆண்டில் ஓர் அருமையான பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பூட்டு அருமை. ஆனால் அதை வேகமாகச் செய்ய முடியவில்லை. பாகங்கள் அவ்வளவு நுட்பமானவை. கையால் ராவி ராவித் தொழிலாளிகள் களைத்தார்கள்.

1789-ம் ஆண்டில் 18 வயதுப் பையன் ஒருவன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். அவன் பெயர் ஹென்றி மாட்ஸ்லே. பூட்டின் பாகங்களைப் பிசகில்லாமல் செய்யும் இயந்திரங்களை அவன் உருவாக்கினான். வெட்டும் கருவியை மனிதனின் கை பிடிப்பதற்குப் பதிலாக, இரும்புப் பிடி ஒன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி நேர்கோட்டில் நகர வேண்டும். இதுதான் மாட்ஸ்லே வளர்த்த யோசனை. பின்னாளில் கடைசல் இயந்திரங்களில் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தவர் என்று அவர் புகழ் பெற்றார்.

பிராமாவின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. மாட்ஸ்லே கைவண்ணம்தான். 'இதைச் சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு' என்று அறிவிப்பு. 60 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-ம் ஆண்டில் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் அதைத் திறந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம்!

அன்று மாட்ஸ்லே இரும்புப் பிடியில் கண்ட உண்மையைத்தான், இன்று கடலூர்க் கடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தின் தாடையும் நமக்குச் சொல்கிறது.

கடலூரில் உப்பும் மணலும்

கடலோர ஊரில் சாவிக்கும் பூட்டுக்கும் பகைவர்கள் இரண்டு பேர். ஒருவர் உப்புக் காற்று. மற்றொருவர் மணல்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலை நேரம் கூட்டம் கூடும். மணலில் உட்கார்ந்து எழுந்தால் பையில் இருந்த சாவியைக் காணோம்! தேடிக் கிடைத்தாலும் அதன் பள்ளங்களில் மணல் ஒட்டியிருக்கும். அப்படியே பூட்டில் போட்டால் கம்பிகள் தேயும். அப்படியே இயந்திரத்தில் வைத்தால், ஒரு மணல் துகள் ஒரு பல்லை மாற்றிவிடும்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரத்தில் உப்புக் காற்று பட்ட இரும்புப் பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். திறக்கவில்லை என்றதும் பலர் புதுச் சாவி போட ஓடுகிறார்கள். சாவியில் குற்றம் இல்லை, பூட்டில் துரு. அப்போது எத்தனை சாவி போட்டாலும் பயன் இல்லை.

கம்பிப் பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடுவது சிலர் வழக்கம். எண்ணெயில் தூசி ஒட்டி, நாளடைவில் பசைபோல் ஆகிவிடும். அதைவிட, பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி, இரண்டு மூன்று தடவை போட்டு எடுப்பது நல்லது.

சிதம்பரத்தில் நகல் திறந்த கதவு

கடலூரிலிருந்து தெற்கே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சுமார் 45 கிலோ மீட்டர் போனால் சிதம்பரம்.

அங்கே 1929-ம் ஆண்டில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதி அறை என்றால் ஒரு பூட்டுக்கு இரண்டு மூன்று பேர். ஆளுக்கு ஒரு சாவி வேண்டும். கடையில் வாங்கிய பூட்டோடு வந்த சாவிகள் போதாது. படிப்பு முடிந்து போகிறவர் தம் சாவியை அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அதைக் கொடுத்து இன்னொன்று போடுவார். அந்த இன்னொன்றைக் கொடுத்து மற்றொன்று!

இங்கேதான் பெரிய ஆபத்து. எப்படி?

ஓர் இயந்திரத்தில் 0.1 மில்லி மீட்டர் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முடி அளவு. அசலிலிருந்து போட்ட முதல் சாவி கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் திறந்துவிடும். அந்தச் சாவியை வைத்து அதே இயந்திரத்தில் இரண்டாவது போட்டால் பிழை 0.2 ஆகும். மூன்றாவதில் 0.3 ஆகும். முன்பு சொன்ன 0.38 மில்லி மீட்டர் படியை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது தலைமுறையில் சாவி பூட்டுக்கே அந்நியம் ஆகிவிடுகிறது!

ஆகவே நல்ல கடைக்காரர் முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"ஏம்மா, இது பூட்டோட வந்த சாவியா, போட்ட சாவியா?"

"போட்டதுதாங்க அண்ணே. அசல் வீட்டில இருக்கு."

"அப்ப அதை எடுத்துட்டு வாங்கம்மா. போட்டதிலேருந்து போட்டா சரியா வராது."

இப்படிச் சொல்லி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் கடைக்காரருக்கு அன்றைக்கு வருமானம் குறைவு. ஆனால் அந்த அம்மா நாளைக்கும் அதே கடைக்குத்தான் வருவார்.

சிதம்பரத்துக்கு நகல் பற்றிய பழைய வரலாறு ஒன்று உண்டு. தேவாரப் பாடல்கள் எழுதிய ஏடுகள் தில்லைக் கோவிலில் ஓர் அறையில் அடைந்து கிடந்தன. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் கை இலச்சினை அந்த அறையின் கதவில் இருந்தது. 'அந்த மூவரும் வந்தால்தான் திறக்கலாம்' என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். ராஜராஜ சோழன் என்ன செய்தான்? மூவரின் திருவுருவங்களையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. கறையான் தின்றதுபோக மிஞ்சிய ஏடுகள் கிடைத்தன. திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு இது.

அசல் வர முடியாத இடத்தில், அசலுக்குச் சமம் என்று ஏற்கப்பட்ட உருவம் வந்து கதவைத் திறந்தது. மாற்றுச் சாவிக்கும் அதே கடமைதான். பூட்டு அதை 'அசல்' என்று ஏற்க வேண்டும்.

எல்லாச் சாவியும் ஒன்றல்ல

இப்போது வரும் சில சாவிகளில் ஓரத்தில் பல் இருக்காது. தட்டையான முகத்தில் சிறு சிறு குழிகள் இருக்கும். இவற்றைச் சக்கரக் கட்டரால் வெட்ட முடியாது. மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய துளைக் கருவி உள்ள வேறு இயந்திரம் வேண்டும். அதிலும் வழிகாட்டி ஊசியும் துளைக் கருவியும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். இயந்திரம் மாறினாலும் விதி மாறவில்லை!

கார்ச் சாவிகள் சிலவற்றின் தலைக்குள் சின்னஞ்சிறு மின்னணுச் சில்லு இருக்கிறது. பல்லை மட்டும் வெட்டினால் கதவு திறக்கும். ஆனால் எஞ்சின் ஓடாது. அந்தச் சில்லையும் காருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். சாவி போடக் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சாவி போகும் கை

துல்லியமான சாவி என்பது இருபுறமும் கூரான கத்தி. வீட்டுக்காரருக்குத் திறக்கும் பூட்டு, அதே மாதிரி சாவி வைத்திருக்கும் திருடனுக்கும் திறக்கும்.

ஆகவே சாவியைக் கடையில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகக் கூடாது. பக்கத்தில் நின்று போட்டு வாங்க வேண்டும். சாவியோடு வீட்டு விலாசம் எழுதிய சீட்டைக் கோத்து வைக்கக் கூடாது. அறிமுகம் இல்லாதவர் பூட்டைத் திறந்துகொடுக்கக் கூப்பிட்டால், 'இது உங்கள் வீடுதானா?' என்று கேட்பது கடைக்காரரின் கடமை. அதைக் கேட்டு யாரும் கோபப்படக் கூடாது. அந்தக் கேள்வி நம் வீட்டையும் காக்கிறது.

வீட்டுக்கு வீடு தெரிய வேண்டியவை

புதுப் பூட்டு வாங்கினால், அதோடு வந்த சாவி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைத் தினமும் பயன்படுத்த வேண்டாம். மாற்றுச் சாவி போடும்போது அதைத்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்துப் போட்டால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும்.

அந்த அசல் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியூர் போகாதீர்கள். நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

கடையில் சாவியை வைத்து இறுக்கும்போது பாருங்கள். தாடையைத் துடைக்கிறாரா? தோள் காட்டியை இறக்குகிறாரா? வண்டியை மெள்ள நகர்த்துகிறாரா? இவற்றைச் செய்பவர் கெட்டிக்காரர். நாலு நிமிஷம் கூட ஆனால் அவசரப்படுத்தாதீர்கள்.

வெட்டிய சாவியையும் அசலையும் முதுகோடு முதுகு சேர்த்து, தோளைச் சமமாக வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுக்குப் போனதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூட்டில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பத்துத் தடவை திருப்புங்கள். ஒரு தடவை முரண்டு பிடித்தாலும் அழுத்தாதீர்கள். அசலோடு கடைக்குத் திரும்பிப் போங்கள்.

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். அந்த அப்பா, சாவி வாங்கிய அன்றைக்கே அதைப் பூட்டில் போட்டுப் பார்த்திருந்தால்? அல்லது கடைக்காரர் தாடையில் கிடந்த துகளை ஒரு தடவை துடைத்திருந்தால்? சின்னவன் தெருத் திண்ணையில் தூங்கியிருக்க மாட்டான். பாட்டி விடியும்வரை கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

சாவி சின்னதுதான். அதை நம்பித்தான் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம்.